முகவரி: 56 ஏ.பி.ஓ.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்சாவடியின் மீது பனிச்சுவர் சரிந்தது. உள்ளே, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனோடு காவலிருந்த பத்துப் பேர். யாரும் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். பிரதமரின் இரங்கலும் வந்துவிட்டது. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று தமிழ்நாட்டில் மட்டும் நான்கு வீடுகள் துக்க வீடுகளாயின. ஆறாம் நாள், 8-ஆம் தேதி இரவு, யாரும் எதிர்பாராத செய்தி: சுமார் 25 அடி பனிக்கு அடியிலிருந்து கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார்.

மற்ற ஒன்பது பேரும் இல்லை என்பதையும் சேர்த்தேதான் ராணுவம் அறிவித்தது. ஆனால் ஒருவன் பிழைத்தான் என்ற பிறகு, பெற்ற மனம் அந்த இரண்டாவது வரியை எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்? அழுது ஓய்ந்த வீட்டுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை நுழைந்து, அடுத்த நொடியே வெளியே தள்ளப்பட்ட இரவு அது. 11-ஆம் தேதி ஹனுமந்தப்பாவும் டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். மற்றவர்களின் உடல்கள் ஊர் வந்து சேர, பனி சரிந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆயிற்று.

இப்படிப்பட்ட நாட்களில்தான் நாடு ஒரு ராணுவ வீரரின் அப்பா அம்மாவைப் பார்க்கிறது. இல்லையென்றால், அதற்கு நேரெதிரான இன்னொரு நாளில். நீலகிரியின் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி முடித்து இளைஞர்கள் சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாள் அது. பட்டாளத்துப் பேச்சில் ‘கசம் பரேடு’. அன்று பெற்றோருக்குக் ‘கௌரவ் பதக்’ என்ற பதக்கத்தை அணிவிக்கிறார்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தோளில் நட்சத்திரத்தைக் குத்தும் கைகள் பெரும்பாலும் அம்மாவுடையதும் அப்பாவுடையதும்தான். இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே, பத்து வருஷமோ இருபது வருஷமோ, அந்தப் பெற்றோர் என்ன நினைத்துக்கொண்டு வாழ்கிறார்கள், எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ராணுவத்தின் கோப்புகளிலும் அவர்களுக்கான இடம் வருஷம் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு அந்த இடம் திடீரென்று பெரிதாகியிருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து வரவேண்டிய பாதுகாப்பு வரவில்லை.

பட்டாளத்து வீடுகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகும் ஊர். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே ‘அப்ஷிங்கே மிலிட்டரி’. இப்படிப்பட்ட ஊர்களில் அப்பாவும் சித்தப்பாவும் படையில் இருந்தவர்கள். மகன் ஒரு வாரம் பேசவில்லை என்றால், போஸ்ட்டில் டவர் இருக்காது, இல்லை ரோந்து போயிருப்பான் என்று அப்பாவுக்குத் தெரியும். அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் அதைச் சொல்லவும் தெரியும். முதல் முறையாக ஒரு பையனைப் படைக்கு அனுப்பிய விவசாயக் கூலி வீட்டில் அந்தப் பாஷை இல்லை. அங்கே மௌனத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

மௌனத்துக்கும் ஒரு முகவரி உண்டு. ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்று முடியும் விலாசங்களைப் பட்டாளத்து வீட்டுப் பெட்டிகளில் இன்றும் பார்க்கலாம். ராணுவ அஞ்சல் பிரிவின் எண்கள் இவை. முதலாவது பெரும்பாலும் மேற்கு, வடக்கு எல்லைகளுக்கு, மற்றது கிழக்குக்கு. மகனின் எண், பதவி, யூனிட், பிறகு இந்த எண். ஊர் கிடையாது, மாவட்டம் கிடையாது. எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மறைத்த இடம் அம்மாவுக்கும் தெரியாமல் போனது. “எங்கப்பா இருக்கே?” “இங்கதாம்மா.” அதற்கு மேல் அந்த உரையாடல் நகராது. நியாயமான காரணம்தான், பெற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, தூங்குவது வேறு.

தொடர்பின் கதையே இந்தக் கவலையின் கதை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘தந்தி’ என்ற சொல்லே சாவுச் சேதி என்றுதான் காதில் விழும். தந்திக்காரரின் சைக்கிள் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பட்டாளத்து வீடுகள் பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. பிறகு செயற்கைக்கோள் தொலைபேசி. பனிமலைக் காவல்சாவடியிலிருந்து வீட்டுக்குப் பேச ஒரு நிமிஷத்துக்கு 5 ரூபாய். 2017 தீபாவளியன்று அதை 1 ரூபாயாகக் குறைத்தார்கள். மாதம் 500 ரூபாய் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். பட்ஜெட் கணக்கில் அது துளி. ஆனால் அம்மாவிடம் பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்த ஒருவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். 2025 ஜனவரியில், ராணுவ தினத்துக்குச் சற்று முன்பு, சியாச்சினுக்கு 5ஜி வந்தது.

ஆனால் டவர் வந்தால் கவலை போய்விடுவதில்லை. அதன் உருவம்தான் மாறுகிறது. மாதம் ஒரு கடிதம் வந்த காலத்தில் இருபது நாள் மௌனம் இயல்பானது. தினமும் இரவு எட்டரைக்கு வீடியோ காலில் வரும் மகன் ஒருநாள் வரவில்லையென்றால் அந்த இரவே நீண்டுவிடுகிறது. ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ என்று வாட்ஸ்ஆப் காட்டுகிற எண்ணை எத்தனை தாய்மார்கள் நள்ளிரவில் எழுந்து பார்க்கிறார்கள் என்பதற்குக் கணக்கெடுப்பு கிடையாது. 2020 ஜூலையில், சீனப் படையோடு கல்வான் மோதல் நடந்து ஒரு மாதத்துக்குள், பாதுகாப்புக் காரணங்களுக்காக ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கிவிடும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் கல்வானில், ஜூன் 15 அன்று, இறந்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி.

2025 மே மாதம் இந்தக் கவலையின் உச்சம். மே 7 முதல் 10 வரை, பாகிஸ்தானோடு மோதிய ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், பல தொலைக்காட்சிகளில் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்பது வரை உண்மையில்லாத செய்திகள் ஓடின. நேரலையில் படை நகர்வுகளைக் காட்டவேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் மே 9 அன்று ஊடகங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது பரபரப்பான இரவு. எல்லையில் மகன் இருக்கும் வீட்டிலோ, திரையில் ஒருவர் ஆவேசமாகக் கைதட்டுகிறார். அங்கே வெடிக்கும் இடம் மகன் இருக்கும் இடமா என்று கேட்க ஆளில்லை. பட்டாளத்து வீடுகளில் போர் முழக்கம் குறைவாகத்தான் கேட்கும். நாட்டுப்பற்றுக் குறைவால் அல்ல. அந்த முழக்கத்தின் விலை எந்த வீட்டு வாசலில் வசூலாகும் என்று தெரிந்ததால்.

போர் அரிது. லீவு அன்றாடம். சிப்பாய்க்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. காகிதத்தில் தாராளம். ஆனால் எப்போது கிடைக்கும் என்பது யூனிட்டின் கையில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று பகல், மூன்று இரவு. எல்லையில் பனி மூடி வழி அடைத்தால் அதற்கு முன்பே பல நாள் போய்விடும். அதனால் பட்டாளத்து வீடுகளில் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதற்கு முன் லீவைப் பார்க்கிறார்கள். தங்கையின் நிச்சயதார்த்தம், வீட்டுக் கிரகப்பிரவேசம், ஊர்த் திருவிழா எல்லாம் ஒரு மனிதனின் ‘லீவு சாங்ஷன்’ என்ற இரண்டு சொல்லைச் சுற்றியே நகர்கின்றன. பாட்டியின் சாவுக்கு வரமுடியாமல் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சேர்ந்தவனைப் பற்றிய கதை இல்லாத பட்டாளத்துக் குடும்பம் அநேகமாக இருக்காது. அப்பாவுக்கு மாரடைப்பு என்றால் அம்மா முதலில் மகனுக்குச் சொல்வதில்லை. சொன்னால் அங்கே அவன் நிலைகுலைவான், கையில் துப்பாக்கியோடு இருக்கிறவன். இந்த மறைப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது. அவன் குளிரை மறைக்கிறான், இவர்கள் நோயை மறைக்கிறார்கள்.

நோய் என்றதும் கோப்பு வந்துவிடுகிறது. பணியிலிருக்கும் வீரரின் பெற்றோர் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம், ஆனால் அவரைச் சார்ந்து வாழ்பவர்கள் என்று பதிவாகியிருக்க வேண்டும். பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாய், அதற்குரிய அகவிலைப்படி ஆகியவற்றைத் தாண்டக்கூடாது. பட்டாளத்துக்காரர்கள் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று சொல்லும் பதிவில் அம்மாவின் பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒத்துப்போகவில்லையென்றால், தாலுகா அலுவலகத்துக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆவண அலுவலகத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் தாள்கள் அலையும். கிராமத்துத் தாய்மார்களின் பிறந்த தேதி பலருக்கும் பள்ளிக்கூடம் இட்டது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு யாரோ இட்டது.

சட்டமும் பெற்றோரைத் தள்ளியே வைத்திருக்கிறது. வீரரின் மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காக அவர் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொடுக்க 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 90, 91-ஆம் பிரிவுகளில் வழிசெய்கிறது. அந்தப் பட்டியலில் பெற்றோர் இல்லை. மகன் பணம் அனுப்பாவிட்டால் ஒரு தாய், மற்ற எந்தத் தாயையும் போல, 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயத்துக்குத்தான் போகவேண்டும். பெரும்பாலோர் போகமாட்டார்கள். பட்டாளத்து மகன்மேல் வழக்கு என்றால் ஊர் என்ன சொல்லும்?

படையில் சேரும்போது இளைஞன் எழுதிக்கொடுக்கும் உறவுப் பட்டியலில் அப்பா, அம்மா பெயர்கள் முன்னால் நிற்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு ‘அடுத்த உறவு’ என்ற கட்டத்தில் மனைவியின் பெயர் ஏறுகிறது. அது சரியான ஏற்பாடுதான்; இளம் விதவைகள் கையில் காசில்லாமல் மாமனார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஏராளமான கதைகள் உள்ள நாட்டில் இந்தப் பாதுகாப்பு தேவை. ஆனாலும் வயதான பெற்றோரின் நிலை என்ன என்ற கேள்வியை 2024-இல் ஒரு குடும்பம் வெளிப்படையாகக் கேட்டது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கேப்டன் அன்ஷுமான் சிங் ராணுவ மருத்துவர். 2023 ஜூலை 19 அன்று சியாச்சினில் தீப்பிடித்தபோது சக வீரர்களைக் காப்பாற்றி இறந்தார். 2024 ஜூலை 5 அன்று குடியரசுத் தலைவரிடமிருந்து கீர்த்தி சக்ராவை அவர் மனைவியும் தாயும் சேர்ந்து பெற்றுக்கொண்டார்கள். அடுத்த சில நாட்களில், தானும் ராணுவத்தில் இருந்தவரான தந்தை, விதிகளை மாற்றவேண்டும் என்று ஊடகங்களிடம் பேசினார். குழுக் காப்பீட்டுப் பணம் மனைவிக்கும் பெற்றோருக்கும் பிரிந்தது, ஓய்வூதியம் மனைவிக்கு.

அந்த நாட்களில் நடந்தது வருத்தத்துக்குரியது. கேள்வி விதியைப் பற்றியது. விவாதமோ ஒரு இளம் பெண்ணின் நடத்தையைப் பற்றியதாக மாறி, கணவனை இழந்தவளை முகமறியாதவர்கள் தூற்றினார்கள். மனைவியிடமிருந்து பிடுங்கிப் பெற்றோருக்குக் கொடுப்பதா என்று கேட்கத் தேவையே இல்லை. ஒருவரையே நம்பி மூன்று பேர் வாழ்ந்திருந்தால், மூன்று பேருக்கும் அரசுதான் பொறுப்பு. துக்கத்தில் இருக்கும் இருவரை ஒரே தட்டைச் சுற்றி உட்காரவைத்துப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வது அரசின் கைச்சிக்கனம். பழி மாமியார் மருமகள் மேல்.

இந்த இடத்தில்தான் அக்னிபத்தின் கணக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட திட்டம். அந்த அறிவிப்பின்படி, பதினேழரை வயதிலிருந்து 21 வயதுக்குள் சேரவேண்டும். நான்கு ஆண்டு பணி. அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு. முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000. வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் இல்லை. சேரும்போது கல்யாணமாகியிருக்கக் கூடாது. நான்கு ஆண்டுகளும் கல்யாணம் செய்யக் கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கல்யாணமாகாதவன் என்றால், அவனுடைய குடும்பம் என்பது பெற்றோர்தான். ‘அடுத்த உறவு’ என்ற கட்டத்தில் வேறு பெயர் ஏற வழியே இல்லை. இத்தனை காலம் ஓரத்தில் நின்ற அப்பா அம்மாவை, நான்கு வருஷத்துக்கு ராணுவத்தின் முழுக் குடும்பமாக ஆக்கியது இந்தத் திட்டம். அதே திட்டம்தான் குடும்ப ஓய்வூதியத்தையும் எடுத்துவிட்டது. வழக்கமான வீரர் கல்யாணமாகாமல் களத்தில் இறந்தால் பெற்றோருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. இந்தத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீர் இறந்தால் 48 லட்சம் காப்பீடும் பணியால் நேர்ந்த மரணத்துக்கு 44 லட்சம் கருணைத் தொகையும் மற்ற சில தொகைகளும் உண்டு. மாதப் பணம் இல்லை. மொத்தத் தொகை பெரிதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளியின் கையில் ஒரே நாளில் வந்து விழும் பெருந்தொகைக்கும், மாதம் பிறந்தால் வங்கியில் வந்து நிற்கும் சிறுதொகைக்கும் உள்ள வித்தியாசம், உறவினரும் கடன்காரரும் சூழ்ந்த கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆந்திரத்தின் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்தைச் சேர்ந்த அக்னிவீர் முரளி நாயக் 2025 மே 9 அன்று எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே இறந்தார். பெற்றோர் பிழைப்புக்காக மும்பைக்குப் போய்க் கூலி வேலை செய்தவர்கள். அவர் ஒரே மகன். மாநில அரசு 50 லட்சமும் நிலமும் அறிவித்தது. பின்னர் அவர் தாய் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கமான வீரருக்கும் தன் மகனுக்கும் சாவில் வேறுபாடு இல்லாதபோது, சலுகையில் மட்டும் ஏன் என்பது அந்த மனுவின் சாரம். இதைத்தான் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 பிப்ரவரியிலேயே பரிந்துரைத்திருந்தது: பணியில் இறக்கும் அக்னிவீரின் குடும்பத்துக்கும் வழக்கமான வீரரின் குடும்பத்துக்குள்ள அதே பயன்கள்.

ஒரு தாய் தனியாக நீதிமன்றம் போவது தற்செயல் அல்ல. இந்தியாவில் படைவீரர்களின் பெற்றோர் போராடியது பெரும்பாலும் தனித்தனியாகத்தான். 1971 போரில் இறந்ததாகச் சொல்லப்பட்ட மேஜர் அசோக் சூரியின் தந்தைக்கு, மகன் பாகிஸ்தானில் உயிரோடிருப்பதாக 1974 கடைசியில் ஒரு கைச்சீட்டு வந்தது. கையெழுத்து மகனுடையது என்று உறுதியான பிறகு, ‘இறந்தவர்’ என்ற பதிவு ‘காணாமல் போனவர்’ என்று மாறியது. இறக்கும்வரை அவர் தேடினார். அந்தப் போரில் காணாமல் போனவர்களின் உறவினர்கள் 1983-இலும் 2007-இலும் பாகிஸ்தான் சிறைகள்வரை போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். கார்கிலில் முதலில் பிடிபட்ட கேப்டன் சௌரப் காலியாவின் உடல் 1999 ஜூனில் சித்திரவதைக் காயங்களோடு திரும்பி வந்தது. இமாச்சலத்தின் பாலம்பூரில் வாழும் அவர் தந்தை என்.கே. காலியா அதைச் சர்வதேச அரங்குக்குக் கொண்டுபோகச் சொல்லி மனு மேல் மனுவாக எழுதி, 2012-இல் உச்ச நீதிமன்றம் போனார். கார்கிலிலேயே, பட்டாலிக் மலையில் மே 29 அன்று இறந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனியிலேயே கிடந்தது. சாவு தெரிந்துவிட்டது, முகம் பார்க்கக் கிடைக்கவில்லை என்ற நிலையில் அத்தனை நாளும் அவர் தாய் திருச்சியில் காத்திருந்தார்.

மற்ற நாடுகளில் இது வேறுவிதம். 1989-இல் ரஷ்யாவில் உருவான படைவீரர் தாய்மார்கள் குழு, முகாம்களில் நடந்த கொடுமைகளையும் செச்சென்யப் போரில் மறைக்கப்பட்ட சாவுகளையும் வெளியே கொண்டுவந்தது. இஸ்ரேலில் 1997 பிப்ரவரியில் இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் மோதி 73 பேர் இறந்தபின் நான்கு தாய்மார்கள் தொடங்கிய இயக்கம், தெற்கு லெபனானிலிருந்து படை திரும்பவேண்டும் என்ற கருத்தை நாட்டின் பொதுக்கருத்தாக்கியது. 2000 மேயில் படை திரும்பியது. ஒரே பிள்ளையாக இருப்பவர் அங்கே களப்படையில் சேரப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். அவை கட்டாய ராணுவச் சேவை உள்ள நாடுகள் என்பது உண்மை. இங்கே பையன்கள் விரும்பிச் சேர்கிறார்கள். ‘விரும்பித்தானே போனான்’ என்ற அந்த ஒரு வாக்கியம் பெற்றோரின் வாயை அடைத்துவிடுகிறது. வேறு வேலை இல்லாத ஊரில் விருப்பம் என்பதன் பொருள் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. ஒரே பிள்ளையையோ, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளையோ படைக்கு அனுப்பிய பெற்றோருக்கு முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாகப் ‘போர்ப்பணி ஊக்க மானியம்’ வழங்குகிறார்கள். தொகையைவிட முக்கியமானது, உயிரோடிருக்கும் வீரரின் உயிரோடிருக்கும் பெற்றோரை அரசு கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது. மத்திய அரசின் விதிகளில் அப்படி ஒரு பார்வை வந்தால், சார்ந்திருப்போர் வருமான வரம்பிலிருந்து அக்னிவீர் ஓய்வூதியம்வரை பலதும் வேறுவிதமாக எழுதப்படும்.

அதுவரை ஒவ்வொரு பெற்றோரும் தன் வழியைத் தானே தேட வேண்டியிருக்கிறது. கர்னல் வி.என். தாப்பரின் மகன் கேப்டன் விஜயந்த் தாப்பர் கார்கில் போரில், 1999 ஜூன் கடைசியில் திராஸில் இறந்தார். இறப்பதற்கு முன் எழுதிய கடிதத்தில், முடிந்தால் தான் போரிட்ட இடத்தை வந்து பார்க்கும்படி வீட்டாரைக் கேட்டிருந்தார். குப்வாராவில் தான் பழகிய ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்துவரும்படியும் கேட்டிருந்தார். தந்தை ஆண்டுதோறும் திராஸுக்குப் போனார். 2016-இல் அந்த மலையின் மேலேயே ஏறினார். அந்தச் சிறுமியையும் மறக்கவில்லை. அவர் ராணுவ அதிகாரி. எந்த அலுவலகக் கதவை எப்படித் தட்டவேண்டும் என்று தெரிந்தவர். முரளி நாயக்கின் பெற்றோரைப் போல, கோரண்ட்லா மண்டலத்துத் தாண்டாவிலிருந்து மும்பைக்குப் போன ஒரு தம்பதிக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ராணுவத்தின் முதல் அக்னிவீர் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. நான்கு ஆண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு தரப்படும் என்று உள்துறை அமைச்சகம் 2022-இல் சொன்னது. சில மாநிலங்கள் காவல்துறை வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கின்றன. பட்டாளத்து வீடுகளில் இப்போது பேசப்படுவது எல்லையைப் பற்றி அல்ல. நூற்றில் இருபத்தைந்தில் நம்ம பையன் வருவானா, வராவிட்டால் இருபத்திரண்டு வயதில் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், சேவா நிதிப் பணத்தில் முதலில் கடனை அடைப்பதா, வீட்டுக்குக் கூரை போடுவதா என்பதைப் பற்றி.